ஃபிராட்டர்னிட்டியில் சேர நினைக்கும் தம்பிகளுக்கு

ஆகஸ்ட் மாதக் கடைசியில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் வகுப்பு தொடங்கிய சூட்டோடு ‘ரஷ்’ தொடங்கிவிடும்; ஃபிராட்டர்னிட்டி என்ற மாணவர் சகோதரத்துவ அமைப்புகள் புது ஆட்களைத் தேடிச் சேர்க்கும் பருவம் அது. கிரேக்க எழுத்துப் பொறித்த சட்டை போட்ட மூத்த மாணவர்கள் நடைபாதை ஓரம் மேசை போட்டு நின்று, கைகுலுக்கி, பெயரைக் கேட்டு, மாலையில் தங்கள் ஃபிராட்டர்னிட்டி வீட்டுக்கு வரச் சொல்வார்கள். குடும்பத்தை விட்டு வந்து இரண்டு வாரம்கூட ஆகாத பதினெட்டு வயதுப் பையனுக்கு அந்த அழைப்பு எவ்வளவு ஆறுதலாக இருக்கும் என்பது எனக்குத் தெரியும். மத்திய மேற்கு மாநிலம் ஒன்றில் பொறியியல் படித்தபோது நானும் அப்படி ஓர் அழைப்பை ஏற்றுத்தான் சேர்ந்தேன். இப்போது அதே சாப்டருக்கு, அதாவது அந்த வளாகத்துக் கிளைக்கு, முன்னாள் மாணவர் ஆலோசகராக இருக்கிறேன். கூரை ஒழுகுவது, கணக்கு வழக்கு, பல்கலைக்கழகம் அனுப்பும் ஒழுங்கு நடவடிக்கைக் கடிதம் எல்லாம் என் பார்வைக்கு வரும்.

ஒவ்வோர் ஆண்டும் தமிழ்க் குடும்பங்களிலிருந்து தொலைபேசி வருகிறது. “அந்தப் பக்கமே போகாதே என்று நீங்கள் சொல்லுங்கள், உங்கள் பேச்சைக் கேட்பான்” என்பார்கள் பெற்றோர். பையன் தனியாக அழைத்து, “அங்கிள், எது பெரிய வீடு? எதில் சேர்ந்தால் மதிப்பு?” என்பான். இருவருக்கும் என் பதில் ஒன்றே. நல்ல சாப்டரும் கெட்ட சாப்டரும் ஒரே தெருவில், ஒரே மாதிரித் தூண் வைத்த வீடுகளில்தான் இருக்கின்றன. தேசிய அளவில் ஒரே பெயர் கொண்ட அமைப்பின் கிளை ஓர் ஊரில் அருமையாகவும் இன்னோர் ஊரில் மோசமாகவும் இருக்கும். அங்கே ‘மாட்டேன்’ என்று சொல்கிறவனுக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். அது தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தெரிந்த மாதிரி. கீழே நான் எழுதுவது முழுக்க அதைத் தெரிந்துகொள்ளும் வழிதான்.

எந்த வகை என்று முதலில் தெளியுங்கள்

வீடு, விருந்து, சடங்கு எல்லாம் கொண்டது சமூக ஃபிராட்டர்னிட்டி. 1825-இல் நியூயார்க் மாநிலத்து யூனியன் கல்லூரியில் தொடங்கிய கப்பா ஆல்ஃபா சொசைட்டியிலிருந்து வரும் மரபு இது. ஆண்களுக்கான இத்தகைய அமைப்புகளில் பெரும்பாலானவை ஒவ்வொரு வளாகத்திலும் இன்டர்ஃபிராட்டர்னிட்டி கவுன்சில் என்ற ஐ.எஃப்.சி.யின் கீழ் இயங்குகின்றன. கறுப்பின மாணவர்கள் தொடங்கிய ஒன்பது அமைப்புகளுக்கு 1930-இல் உருவான தனிக் கவுன்சில் இருக்கிறது. அவற்றில் 1906-இல் கார்னெலில் பிறந்த ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாதான் மூத்தது. அங்கே சேரும் முறையே வேறு; முதல் செமஸ்டரில் போய் நின்றால் பெரும்பாலும் அடுத்த ஆண்டு வரச் சொல்வார்கள்.

தெற்காசிய மாணவர்கள் தொடங்கியவையும் உண்டு. 1994-இல் பிங்ஹாம்டனில் அயோட்டா நூ டெல்டா, 1996-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சிக்மா பீட்டா ரோ, 1998-இல் ஆஸ்டின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் டெல்டா எப்சிலான் சை, 1999-இல் யு.சி.எல்.ஏ.வில் பீட்டா கை தீட்டா. பெரும்பாலான வளாகங்களில் இவற்றுக்குச் சொந்த வீடு கிடையாது, அதனால் செலவும் குறைவு. தீபாவளி நடத்துவார்கள், வீட்டுச் சாப்பாட்டுக்கு ஏங்குகிறவனின் ஏக்கம் அங்கே சொல்லாமலே புரியும்.

பெற்றோர் இதைக் கேட்டதும், “அப்படியானால் அங்கேயே சேரட்டும், நம் பிள்ளைகள்தானே” என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். அந்த நிம்மதியை நான் கலைத்தாக வேண்டியிருக்கிறது. 2013 டிசம்பரில் நியூயார்க்கின் பரூக் கல்லூரியில் ஆசிய அமெரிக்க ஃபிராட்டர்னிட்டி ஒன்றில் சேர்ந்த முதலாண்டு மாணவரைப் பென்சில்வேனியாவின் போக்கனோ மலைப்பகுதிக்கு அழைத்துப் போனார்கள். கண்ணைக் கட்டி, மணல் நிரப்பிய பையை முதுகில் சுமக்கவைத்து, உறைந்த தரையில் மோதித் தள்ளினார்கள். விழுந்தவருக்கு நினைவு திரும்பவில்லை. உடனே ஆம்புலன்ஸும் அழைக்கப்படவில்லை. அவர் இறந்தார். 2018-இல் நீதிமன்றம் அந்த அமைப்பையே பென்சில்வேனியாவில் பத்தாண்டுகள் இயங்கக் கூடாது என்று தடுத்தது. நம் நிறம், நம் மொழி, நம் சாப்பாடு என்பதெல்லாம் பாதுகாப்புக்கு உத்தரவாதம் தராது. மற்றவர்களிடம் கேட்கும் அதே கேள்விகளை நம்மவர்களிடமும் கேளுங்கள்.

தொழில்சார் ஃபிராட்டர்னிட்டி என்று ஒன்று இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. பொறியியலுக்குத் தீட்டா டாவ், வணிகத்துக்கு ஆல்ஃபா கப்பா சை; இரண்டும் 1904-இல் தொடங்கியவை. ஆண், பெண் இருபாலரும் சேரலாம். பொதுவாகச் சமூக ஃபிராட்டர்னிட்டி ஒன்றில் இருந்துகொண்டே இதிலும் இருக்கலாம். இன்டர்ன்ஷிப், வேலை, மூத்தவர்களின் தொடர்பு என்பதுதான் உங்கள் நோக்கம் என்றால், வீட்டு வாடகையும் விருந்துச் செலவும் இல்லாத இந்த வழியே போதும் என்பது என் கருத்து.

வீட்டுக்குப் போகும் முன் ஆவணங்களைப் பாருங்கள்

பல்கலைக்கழகத்தின் ஃபிராட்டர்னிட்டி, சொராரிட்டி (பெண்களுக்கான அதே வகை அமைப்பு) அலுவலகம் அங்கீகாரம் பெற்ற சாப்டர்களின் பட்டியலை வெளியிடும். நீங்கள் நினைத்த பெயர் அதில் இல்லையென்றால் ஏன் என்று அந்த அலுவலகத்திடமே கேளுங்கள். அங்கீகாரம் பறிபோன பிறகும் வளாகத்துக்கு வெளியே வாடகை வீட்டில், அதே சட்டை போட்டு இயங்கும் கூட்டங்கள் இருக்கின்றன. கொலராடோவின் போல்டரில் 2005-லிருந்து ஃபிராட்டர்னிட்டிகள் பல்கலைக்கழகத்தைச் சாராமல் தனியாகவே நடக்கின்றன. இப்படிப்பட்ட இடத்தில் ஏதாவது நடந்தால் பல்கலைக்கழகத்துக்கு அந்த அமைப்பின்மீது பிடி மிகக் குறைவு. அங்கீகாரம் இல்லாத எதிலும் முதலாண்டு மாணவர் யாரையும் சேரச் சொல்ல என் மனம் ஒப்பாது.

அடுத்தது ஹேஸிங் அறிக்கை. சேர வருகிறவர்களைத் துன்புறுத்துவதுதான் ஹேஸிங். 2024 டிசம்பரில் கையெழுத்தான ‘ஸ்டாப் கேம்பஸ் ஹேஸிங்’ சட்டப்படி, குற்றம் நிரூபணமான மாணவர் அமைப்பின் பெயர், நடந்ததன் சுருக்கம், தேதிகள், விதித்த தண்டனை ஆகியவற்றைக் கல்லூரிகள் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும். கார்னெல் போன்ற இடங்களில் இது முன்பே வழக்கத்தில் இருந்தது. பல்கலைக்கழகத்தின் பெயரோடு ‘ஹேஸிங் டிரான்ஸ்பரன்சி ரிப்போர்ட்’ என்று தேடினால் கிடைக்கும். தண்டனையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள், நடந்ததன் சுருக்கத்தைப் படியுங்கள். ‘அனுமதியில்லாமல் விருந்து நடத்தினார்கள்’ என்பதும், ‘புதிய உறுப்பினர்களைத் தூங்கவிடவில்லை’ என்பதும் ஒன்றாகாது. முதலாவது அசட்டுத்தனம். இரண்டாவது அந்த வீட்டின் குணம்.

மூன்றாவது மதிப்பெண் அறிக்கை. பல பல்கலைக்கழகங்கள் செமஸ்டர்தோறும் சாப்டர்வாரியாகச் சராசரி ஜி.பி.ஏ.வை வெளியிடுகின்றன. வளாகத்து ஆண் மாணவர்கள் அனைவரின் சராசரியோடு அதை ஒப்பிடுங்கள். புதிய உறுப்பினர்களின் சராசரியைத் தனி வரியில் கொடுத்திருந்தால் அதுதான் முக்கியம். மூத்தவர்கள் நன்றாகப் படிக்கும் சாப்டரில் புதிதாகச் சேர்ந்தவர்களின் மதிப்பெண் மட்டும் சரிந்திருந்தால், சேர்க்கைச் சடங்கு வரையிலான ‘புதிய உறுப்பினர்’ வாரங்களில் அவர்களின் இரவுகளை யாரோ எடுத்துக்கொள்கிறார்கள் என்று பொருள். ஆலோசகர் என்ற முறையில் என் சாப்டரின் அறிக்கையில் நான் முதலில் பார்ப்பதும் அந்த வரியைத்தான்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் போதாது. 2017 பிப்ரவரியில் பென்ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஒரு ஃபிராட்டர்னிட்டி வீட்டில் பிட் (சேரச் சொல்லும் அழைப்பு) ஏற்றுக்கொண்ட மாணவர்களுக்கு அளவில்லாமல் மது ஊற்றினார்கள். பத்தொன்பது வயது மாணவர் ஒருவர் படியில் விழுந்து அடிபட்டார். சுற்றிலும் ஆட்கள் இருந்தும் அவசர உதவிக்கு 911-ஐ அழைக்க ஏறத்தாழ 12 மணி நேரம் ஆனது. அவர் பிழைக்கவில்லை. அந்த வீடு விதிப்படி மது அனுமதியில்லாத வீடு. அடுத்த ஆண்டு பென்சில்வேனியா அவர் பெயரிலேயே கடுமையான சட்டம் கொண்டுவந்தது. விதி எழுதியிருக்கிறது என்பதும், விதிப்படி நடக்கிறார்கள் என்பதும் வேறு வேறு. அதனால்தான் நேரில் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நேரில் பார்ப்பது

ரஷ் விருந்துக்குப் போங்கள், சாப்பிடுங்கள், எல்லோரோடும் பேசுங்கள். அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். பெண் பார்க்க வருகிறவர்களுக்காக ஒழுங்குபடுத்திய கூடம் மாதிரிதான் அன்றைக்கு அந்த வீடு இருக்கும். இரண்டு நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், “பக்கத்தில் வந்தேன், பார்த்துவிட்டுப் போகலாமா” என்று கேட்டு உள்ளே போங்கள். சமையலறைத் தொட்டியில் பாத்திரம் யார் கழுவுகிறார்கள்? புதிதாகச் சேர்ந்தவர்கள் மட்டுமா, முறை வைத்து எல்லோருமா? படிக்க அமைதியான இடம் இருக்கிறதா? ஒருவன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படித்தால் தட்டித் தொந்தரவு செய்கிறார்களா? கூரையைப் பாருங்கள், தீயணைப்பு ஸ்பிரிங்க்ளர் இருக்கிறதா? 1996 மே மாதம் வட கரோலினாவின் சேப்பல் ஹில்லில் ஒரு ஃபிராட்டர்னிட்டி வீட்டுத் தீயில் ஐந்து மாணவர்கள் இறந்தார்கள். அந்த வீட்டில் ஸ்பிரிங்க்ளர் இல்லை.

விருந்து நடக்கும்போது கையில் தண்ணீரோ சோடாவோ வைத்துக்கொண்டு நில்லுங்கள். நீங்கள் குடிக்கிறவரோ இல்லையோ, முதல் சில சந்திப்புகளில் இதைச் செய்யுங்கள். இருபத்தொரு வயதுக்குக் கீழ் மது சட்டவிரோதம். வட அமெரிக்க இன்டர்ஃபிராட்டர்னிட்டி கான்ஃபரன்ஸ் என்ற கூட்டமைப்பைச் சேர்ந்த அமைப்புகள் 2019-லிருந்து 15 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள மதுவை வீடுகளில் தடை செய்திருக்கின்றன. இருந்தும் கோப்பையை நீட்டுவார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். “சரி” என்று பேச்சைத் தொடர்கிறவர்கள் எத்தனை பேர், “ஒன்றே ஒன்று” என்று மறுபடி நீட்டுகிறவர்கள் எத்தனை பேர், உங்களைச் சுட்டிக்காட்டிச் சிரிக்கிறவர்கள் யார் என்று பாருங்கள். ஒரு சின்னக் கோப்பையை மறுத்ததையே தாங்க முடியாதவர்கள், நள்ளிரவில் நிலவறைக்கு வரமாட்டேன் என்று நீங்கள் சொல்வதை எப்படித் தாங்குவார்கள்?

யாரிடம் பேசுவது என்பதும் முக்கியம். ரஷ் பொறுப்பாளர் பேசப் பழகியவர். அவரிடம் புதிதாக ஒன்றும் கிடைக்காது. நான்காம் ஆண்டு மாணவர்களைத் தேடுங்கள். அவர்கள் சாப்டர் கூட்டங்களுக்கு இன்னும் வருகிறார்களா என்று விசாரியுங்கள். நான்காம் ஆண்டு வருமுன் பாதிப்பேர் காணாமல் போயிருந்தால், அங்கே நட்பு இரண்டு ஆண்டுக்குமேல் தாங்குவதில்லை. இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரைத் தனியாகப் பிடித்து, “போன வருடம் உங்களோடு சேர்ந்தவர்களில் எத்தனை பேர் நடுவில் விலகினார்கள்? அவர்களோடு இன்னும் பேசுகிறீர்களா?” என்று கேளுங்கள். முடிந்தால் விலகியவர் ஒருவரின் பெயரைக் கேட்டு வாங்கி அவரிடமே பேசுங்கள். “எனக்கு நேரம் ஒத்துவரவில்லை, நல்ல பையன்கள்தான், இப்போதும் சேர்ந்து கால்பந்து பார்ப்போம்” என்று அவர் சொன்னால், எந்த விளம்பரப் பலகையும் தர முடியாத சான்று அது. பெயரைச் சொல்லவே தயங்கினால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டைப் பற்றி வளாகத்துப் பெண்கள் என்ன பேசுகிறார்கள் என்று வகுப்புத் தோழிகளிடம் கேளுங்கள். எந்த வீட்டு விருந்துக்குத் தனியாகப் போகக் கூடாது என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்கள் எச்சரிக்கும் வீட்டில் நீங்கள் உறுப்பினராக இருக்கக் கூடாது.

ஹேஸிங் என்பது தமிழ்நாட்டில் நாம் ராகிங் என்று சொல்வதற்கு உறவுதான், ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ராகிங் யார் மீதும் பாயும். ஹேஸிங் சேர ஆசைப்படுகிறவன்மீது மட்டும் பாயும். அந்த ஆசையைத்தான் ஆயுதமாகப் பிடிப்பார்கள். “நீயாகத்தானே வந்தாய், பிடிக்காவிட்டால் போ” என்பார்கள். பல மாநிலச் சட்டங்களில் பாதிக்கப்பட்டவர் சம்மதித்தார் என்பது குற்றவாளிக்குத் தற்காப்பாகாது. இதை மனப்பாடமாக வைத்திருங்கள். அடி, மது மட்டுமல்ல. தூக்கத்தைக் கெடுப்பது, தொலைபேசியைப் பிடுங்கி வைப்பது, மூத்தவருக்கு எடுபிடி வேலை செய்யவைப்பது, வீட்டாரிடம் சொல்லாதே என்பது எல்லாம் ஹேஸிங்தான். கடைசியில் சொன்னது வந்துவிட்டால் மற்றவையும் வரப்போகின்றன.

இவ்வளவு எச்சரிக்கிறவன் ஏன் இன்னும் இதில் இருக்கிறேன் என்று பெற்றோர் கேட்பதுண்டு. நான் மூன்றாம் ஆண்டு படித்தபோது ஒரு பிப்ரவரி இரவில் அப்பாவுக்கு மாரடைப்பு என்று செய்தி வந்தது. டிக்கெட்டுக்கு என்னிடம் பணம் இல்லை. சாப்டர் பொருளாளர் தன் கடன் அட்டையில் டிக்கெட் எடுத்தார். நெப்ராஸ்காவில் பண்ணை வைத்திருக்கும் குடும்பத்துப் பையன் ஒருவன், பனி கொட்டும் சாலையில் என்னைச் சிகாகோ ஓஹேர் விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டான். நான் திரும்பி வந்தபோது, தவறவிட்ட வகுப்புகளின் குறிப்புகள் படியெடுத்து என் மேசையில் இருந்தன. அதே பையன்தான் முதல் வாரத்தில் என்னிடம் கோப்பையை நீட்டி, நான் மறுத்ததும் “நல்லது, எனக்கும் நாளைக்குத் தேர்வு” என்று கீழே வைத்தவன். நீங்கள் தேடிப் போக வேண்டியது அப்படிப்பட்ட ஆட்களை. அவர்கள் பெரிய வீட்டிலும் இருக்கலாம், வீடே இல்லாத சாப்டரிலும் இருக்கலாம்.

பணம்

கூச்சப்படாமல் கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள். வீடுள்ள சாப்டரில் செமஸ்டருக்கு ஆயிரக்கணக்கான டாலர் ஆகலாம். வீடில்லாத இடத்தில் சில நூறோடு முடியலாம். ‘டியூஸ்’ (சந்தா) என்று ஒரே தொகை சொன்னால் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்: தேசிய அமைப்புக்கு எவ்வளவு, பொறுப்புக் காப்பீட்டுக்கு எவ்வளவு, புதிய உறுப்பினர் கட்டணம், சேர்க்கைச் சடங்குக் கட்டணம், விருந்துச் செலவு, கூட்டத்துக்கு வராவிட்டால் அபராதம். நடுவில் விலகினால் எவ்வளவு திரும்ப வரும், தவணையில் கட்டலாமா, உதவித்தொகை உண்டா என்றும் கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்குப் பொருளாளர் எரிச்சல்பட்டால் அவர் கணக்கு சரியில்லை.

வீடு பற்றி ஒன்று. இரண்டாம் ஆண்டில் கட்டாயம் வீட்டில் தங்க வேண்டும் என்ற விதி பல சாப்டர்களில் உண்டு. வீட்டுக்குச் சொந்தக்காரர் பெரும்பாலும் முன்னாள் மாணவர்களின் தனி நிறுவனம். நீங்கள் கையெழுத்துப் போடுவது அவர்களோடு. உறுப்பினராக இல்லாமல் போனாலும் அந்த ஒப்பந்தப்படி ஆண்டு முழுவதற்குமான வாடகையைக் கேட்க அவர்களுக்கு உரிமை இருக்கலாம். சமையல்காரர் இருக்கும் வீட்டில் உணவுக் கட்டணமும் கட்டாயமாக இருக்கும். சைவம் சாப்பிடுகிறவர்கள் ஒரு வார உணவுப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். “ஏதாவது பார்த்துக்கொள்ளலாம்” என்ற பதிலை நம்பிப் போனவர்கள் ஆண்டு முழுக்க ரொட்டியும் சாலடும் சாப்பிட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இளநிலை மாணவர் செமஸ்டருக்குக் குறைந்தது 12 கிரெடிட் படித்தாக வேண்டும். புதிய உறுப்பினர் பருவத்தில் படிப்பு சறுக்கி ஒரு பாடத்தைக் கைவிட்டால் விசா நிலையே ஆட்டம் காணும். குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாகக் கைதானால் தீர்ப்பு வருமுன்பே விசா ரத்தாக வாய்ப்புண்டு. உள்ளூர் நண்பனுக்கு அபராதத்தோடு போவது உங்களுக்கு விமானத்தில் முடியலாம். வண்டிச் சாவியைத் தொடவே தொடாதீர்கள்.

பிட் வந்த பிறகு

பிட் என்பது அழைப்பு. ஐ.எஃப்.சி. ஃபிராட்டர்னிட்டிகளில் ஒன்றுக்கு மேற்பட்ட பிட் வரலாம். ஒன்றில்தான் கையெழுத்துப் போட முடியும். கையெழுத்துக்கு முன் புதிய உறுப்பினர் பருவத்தின் கால அட்டவணையைக் கேளுங்கள்: எத்தனை வாரம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், இரவு எத்தனை மணிக்கு முடியும். சில தேசிய அமைப்புகள் இந்தப் பிளெட்ஜ் பருவத்தையே ஒழித்துவிட்டன. ஸீட்டா பீட்டா டாவ் 1989-லும், சிக்மா ஆல்ஃபா எப்சிலான் 2014-லும். அப்படி ஒழித்த அமைப்பின் சாப்டரில் யாராவது ‘பிளெட்ஜ் வாரம்’ என்று பேசினால், அது அவர்களின் சொந்தத் தலைமைக்கே தெரியாமல் நடக்கிறது. (சொராரிட்டியில் சேரும் தங்கைகளுக்கு விதி வேறு. விருப்பப் பட்டியலில் கையெழுத்துப் போட்ட பிறகு பொருந்திய இடத்தை மறுத்தால், தேசிய பான்ஹெலனிக் கான்ஃபரன்ஸ் என்ற சொராரிட்டிக் கூட்டமைப்பின் வேறு சொராரிட்டியில் அந்த வளாகத்தில் அடுத்த ஆண்டு முதன்மைச் சேர்க்கை வரை சேர முடியாது. பட்டியலில் மனம் ஒப்பாத பெயரை எழுதாதீர்கள்.)

சேர்ந்த பிறகு சரியில்லை என்று தோன்றினால், சேர்க்கைச் சடங்கு முடியும் முன் விலகுவது எளிது. சாப்டர் தலைவருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் எழுதி, பல்கலைக்கழக அலுவலகத்துக்கு நகல் அனுப்புங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. சடங்குக்கு முன் விலகினால் பின்னர் வேறு சமூக ஃபிராட்டர்னிட்டியில் சேர வழியிருக்கும். முடிந்த பிறகு பொதுவாக இருக்காது.

பிட் வராதவர்களும் உண்டு. ஜனவரியில் வசந்தகால ரஷ் நடக்கும். கூட்டம் குறைவாக இருப்பதால் ஆட்களோடு நிதானமாகப் பேச முடியும். முதல் செமஸ்டர் மதிப்பெண்ணும் கையில் இருக்கும். சில பல்கலைக்கழகங்கள் முதலாண்டு மாணவர்களை அதற்கு முன் சேரவே விடுவதில்லை. என்னைக் கேட்டால் எல்லா இடத்திலும் அப்படித்தான் இருக்க வேண்டும். அதற்குள் தமிழ் மாணவர் சங்கமோ, ரோபோட்டிக்ஸ் குழுவோ, கிரிக்கெட் அணியோ ஏதாவது ஒன்றில் பெயர் கொடுத்து வையுங்கள். எந்தெந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்ற விவரம் அங்கே கிடைக்கும்.